ஒரு ஏக்கருக்கு 400 லாரி

ஆசிரியருக்கு வணக்கம்.

நகரத்துக்கும் வயலுக்கும் இடையே தண்ணீரைப் பகிர்ந்துகொள்வது பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாசனத்தில் மிஞ்சும் ‘உபரி நீரை’ விவசாயிகள் நகரங்களுக்கு விற்க வழி செய்தால் இரு தரப்புக்கும் ஆதாயம் என்று முடிகிறது கட்டுரை. நான் பிறந்தது சென்னைக்கு வடக்கே பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமத்தில், வாழ்க்கைப்பட்டது சென்னை வியாசர்பாடியில். தண்ணீர் கிளம்புகிற கிணறும் தெரியும், வந்து சேர்கிற குடமும் தெரியும். அந்த உபரியைத்தான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு போகம் நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்பார்கள். ஒரு ஏக்கருக்கு அது சுமார் 48 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 400 லாரி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 400 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், எங்கள் தெருவில் 33 வீடுகள் ஓர் ஆண்டு முழுக்கக் குடித்து, குளித்து, துவைக்கலாம். 2019 கோடையில் நள்ளிரவுக்கு மேல் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு லாரிக்காகத் திண்ணையில் விழித்திருந்தவள் நான். ஒரே ஒரு ஏக்கர், ஒரே ஒரு போகம் சும்மா கிடந்தால் போதுமே என்று எனக்கும் ஆசை வரத்தான் செய்தது.

அதே கோடையில் ஒரு காரியமாக அம்மா வீட்டுக்குப் போனேன். எங்கள் நிலத்துக்கு இரண்டு கழனி தள்ளி ஒருவருடைய கிணற்றடியில் தனியார் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மோட்டார் இராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைத் தன் கிணற்றுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். சிறுவயதில் நாங்கள் கால் நனைத்து விளையாடிய படிகளில் பாசி காய்ந்து, தொட்டால் தூளாக உதிர்ந்தது. குழாயை இன்னும் இருபது அடி கீழே இறக்கியிருந்தார். வந்த தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று அண்ணி அலுத்துக்கொண்டார். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் ஆழம் போகப் போக வேறென்ன வரும்?

விற்றவர் மீது எனக்குக் கோபம் இல்லை. நெல்லில் பார்க்காத காசை அவர் தண்ணீரில் பார்த்தார். மகள் கல்யாணக் கடனை அடைத்தார். நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் கழனியில் முப்பது வருடமாக நடவு நட்ட ஒரு பெரியம்மா அன்று வாசலில் உட்கார்ந்திருந்தார். “வேலை இல்லையா பெரியம்மா?” என்றேன். “நடவே இல்லையே பாப்பா” என்றார். அந்த 400 லாரியில் ஒரு லாரியின் காசுகூட அவர் கைக்கு வரவில்லை. நாற்று பறிப்பவர், நடுபவர், களையெடுப்பவர் என்று ஒரு ஏக்கரை நம்பி எத்தனை கைகள்! தண்ணீர் விலை பேசும்போது இவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. ஊற்று வற்றிப்போன என் அண்ணனும் இல்லை.

சட்டமும் அவர்களைக் கூப்பிடச் சொல்லவில்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டக் காலத்திலிருந்து, தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை இறைத்துக்கொள்வது நிலத்துக்காரரின் உரிமை என்றே வழங்கிவருகிறது. நிலத்துக்கு வரப்பு உண்டு. ஊற்றுக்கு ஏது வரப்பு? மீஞ்சூர்ப் பக்கம் தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும், ஏன், விவசாயத்துக்கும்தான், பல பத்தாண்டுகள் அளவில்லாமல் இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. இதில் யாரும் யோக்கியர் இல்லை.

இத்தனைக்கும் ஒப்பந்தம் போட்டுத் தண்ணீர் வாங்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். புழலும் சோழவரமும் ஒரு காலத்தில் பாசன ஏரிகள்; கேட்பாரின்றி அவை நகரத்துக்குப் போன கதையை விடுங்கள். கிருஷ்ணா நீருக்கு 1983இல் ஆந்திரத்துடன் ஒப்பந்தம் போட்டோம். எல்லையில் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று எழுதி, ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயிண்டில் அளந்து வாங்குகிறோம். முழு அளவு வராத ஆண்டுகளே அதிகம். ஆனாலும் பாக்கி எவ்வளவு என்று கேட்க நம் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. ஆந்திரத்திடம் அளந்து வாங்கும் நகரம், பொன்னேரியிடம் மட்டும் அளக்காமல் வாங்குகிறது.

கட்டுரையாளர் அமெரிக்காவை உதாரணம் காட்டியிருந்தார். அங்கேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பாலோ வெர்டே பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றுப் பாசனம். தென் கலிஃபோர்னிய நகரங்களுக்கு நீர் வழங்கும் அமைப்பு 2005இல் அங்குள்ள விவசாயிகளுடன் 35 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைத் தொடங்கியது. நிலத்தை மாற்றி மாற்றித் தரிசு போட வேண்டும். அதுவும் ஏறத்தாழ 28 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிலத்துக்காரருக்கு ஏக்கர் கணக்கில் பணம். அதோடு, வேலையும் வியாபாரமும் குறையும் உள்ளூர் மக்களுக்காக 60 லட்சம் டாலர் தனி நிதி. அங்கே பண்ணை பெரிது, நமக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்பது தெரியும். அந்தத் தனி நிதியைத்தான் கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

எங்கள் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல்லுக்கு மூன்று பட்டம். நகரத்துக்குத் தொண்டை வறள்வது கோடையில் வரும் சொர்ணவாரிக் காலத்தில். கொடிய வறட்சி வந்தால், அந்த ஒரு பட்டத்தை மட்டும், ஊரில் கால்வாசி நிலத்துக்கு மேல் போகாமல், குத்தகை போல எடுங்கள். கிணற்றில் மீட்டர் வையுங்கள். பேரத்தைக் கிணற்றுக்காரரோடு முடிக்காமல் கிராமசபையில் வைத்துப் பேசுங்கள். விலையில் ஒரு பங்கு பக்கத்துக் கழனிக்காரர்களுக்கு, ஒரு பங்கு நடவுக் கூலியை இழப்பவர்களுக்கு என்று முன்பே எழுதிவிடுங்கள். மழை பெய்ததும் ஒப்பந்தம் தானாக முடிய வேண்டும்.

நகரமும் திருப்பித் தரக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கொடுங்கையூரில், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019இல் வந்துவிட்டது. காற்று திரும்பினால் நாங்கள் ஜன்னலைச் சாத்துவது வேறு கதை. தொழிற்சாலைக்கு ஆகும் என்றால், சோதித்துப் பார்த்துக் கழனிக்கு ஏன் அனுப்பக் கூடாது? வாங்கிய நல்ல தண்ணீருக்கு ஈடாக ஒரு பங்காவது திரும்பிப் போகட்டும்.

இதையெல்லாம் ஊர்ப்பக்கம் போய்க் கேட்டு எழுத உங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். சொர்ணவாரிக்குச் சித்திரையில் நாற்று விடுவார்கள். விலை பேச வருகிற லாரிக்காரர்கள் மாசியிலேயே வந்துவிடுவார்கள். அதற்குள் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை – 39