நர்சரி பள்ளித் தாளாளர்களுக்கு, ஒரு கிலோ புளியங்கொட்டை பற்றி

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கு,

வணக்கம். என் மகள் யுகேஜி படிக்கிறாள். ஒன்று முதல் நூறு வரை மூச்சு விடாமல் சொல்வாள். நோட்டில் கட்டம் தாண்டாமல் எழுதுவாள். போன மாதம் விருந்தாளிகள் வந்தபோது ஏழு தட்டு எடுத்து வரச் சொன்னேன். கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வந்தாள். எண்ணச் சொன்னால் விரல் ஒரு வேகத்தில் போகிறது, வாய் வேறு வேகத்தில். ஒன்பது தட்டு பதினொன்று ஆகிவிட்டது. "மொத்தம் எத்தனைடா?" என்றேன். திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அவள் படிக்கும் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். ஊரில் பாதிப் பள்ளிகளில் இதே கதைதான்.

குட்டை டம்ளர் தண்ணீரை ஒல்லியான நெட்டை டம்ளருக்கு மாற்றி, எதில் அதிகம் என்று பிள்ளைகளைக் கேட்டார் சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே. சின்னவர்கள் நெட்டையைக் காட்டினார்கள். ஏழு வயதையொட்டித்தான் இது தெளியும் என்றார். அதற்காக, வயது வந்தால் தானாக வரும் என்று விட்டுவிடவும் முடியாது. சம எண்ணிக்கையில் இரண்டு வரிசையாக அடுக்கிய வில்லைகளில் ஒரு வரிசையைப் பெரியவர் நகர்த்தினால் எண்ணிக்கை மாறிவிட்டதாகத் தடுமாறிய குழந்தைகளில் பலர், ஒரு குறும்புக் கரடிப் பொம்மை கலைத்ததாகக் காட்டியபோது, மாறவில்லை என்று சரியாகச் சொன்னதை 1974-இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். டீச்சர் என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்று ஊகிப்பதிலேயே பிள்ளையின் பாதி மூளை போய்விடுகிறது போல.

நானும் வீட்டில் சொம்புத் தண்ணீரை நெட்டை டம்ளருக்கு மாற்றி, எதில் அதிகம் என்று மகளைக் கேட்டேன். "இதுலதாம்மா நிறைய, மேல வந்திருக்குல்ல" என்றாள். திருத்தவில்லை, திரும்ப ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து முறை ஊற்றினாள். சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர். ஆறாவது முறை ஊற்றாமல் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுதாத நோட்டு வந்தால் உங்களிடம் சண்டைக்கு வருவது எங்களைப் போன்ற பெற்றோர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-லேயே செயல்வழிக் கற்றலுக்கு வரத் தொடங்கிவிட்டன. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்ற செயல்வழித் திட்டம் நடக்கிறது. ஃபீஸ் கட்டுகிற எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஒர்க்‌ஷீட்டா?

எல்கேஜி, யுகேஜியில் நூறு வரை எழுதும் வீட்டுப்பாடத்தை நிறுத்துங்கள். வாரம் இரண்டு பீரியட் பல்லாங்குழிக்குக் கொடுங்கள். குழிக்கு ஐந்து வீதம் பதினாலு குழி, எழுபது புளியங்கொட்டை. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது விரலும் வாயும் ஒரே வேகத்துக்கு வந்துவிடும். எந்தக் குழியில் எடுத்தால் காலிக் குழிக்கு முன்னால் கை நிற்கும் என்று ஆட ஆடப் பிள்ளையே யோசிக்கும். பிள்ளை பதில் சொன்னதும் "சரி", "தப்பு" வேண்டாம், "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள் டீச்சர்களை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு கிலோ புளியங்கொட்டை கழுவிக் காயவைத்துக் கொண்டுவருகிறேன். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் டைரியில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு யுகேஜி குழந்தையின் அம்மா