சுவாமிமலையிலிருந்து மீனாவுக்கு

சுவாமிமலை
ஆடி மாதம், வியாழன் இரவு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பகல் முழுக்கச் சிலை வார்க்கும் பட்டறையில் உட்கார்ந்துவிட்டு அறைக்குத் திரும்பும்போது விரலெல்லாம் மெழுகுப் பிசுக்கு. பேனா நழுவுகிறது. மண் காயட்டும் என்று இன்றைக்கு வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் இந்த ராத்திரி உனக்கு.

யாழினிக்குக் கட்டடக்கலையில் இடம் கிடைத்ததைப் படித்ததும் எனக்கே கிடைத்த மாதிரி இருந்தது. அவளிடம் சொல், முதல் வருஷம் முடியும்வரை கணினியில் வரையச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும் பென்சிலை விட வேண்டாம் என்று. உன் மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "களிமண்ணைத் தொட்டுப் பதினோரு வருஷமாச்சு, இனிமே தொட்டு என்ன ஆகப்போகுது." அதை நாலைந்து தடவை படித்தேன். இதற்குச் சும்மா ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இங்கே பார்த்ததைச் சொல்கிறேன், கேள்.

எனக்குக் கொடுத்திருப்பது தேரடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் மாடி. ஒரு அறை, முன்னால் ஓடு வேய்ந்த தாழ்வாரம், மேலே மொட்டை மாடி. இரண்டு மாதம் தங்கி என்ன வேண்டுமானாலும் செய்யலாம், முடியும்போது நாலு பேருக்குக் காட்டினால் போதும் என்பதுதான் இந்தக் கலைஞர் ரெசிடென்சியின் ஏற்பாடு. கீழ்வீட்டு அம்மாவுக்கு ரெசிடென்சி என்றால் என்னவென்று விளங்க வைக்க முதல் வாரம் போயிற்று. "வேலை இல்லாம இருக்கறதுக்கா வரச் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டார். இப்போது அவரே காலையில் காப்பியோடு வந்து நேற்று என்ன வரைந்தாய் என்று பார்த்துவிட்டுப் போகிறார்.

விடியும் முன்பே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். ஆறு மணிக்குள் சுவாமிநாத சுவாமி கோயில் படியேறிவிடுவேன். கட்டுமலைதானே, மொத்தம் அறுபது படி, பிரபவ தொடங்கி அறுபது வருஷங்களின் பெயரும் அதில் இருக்கிறது. நம் இரண்டு பேருடையது நள, ஐம்பதாவது. தினமும் அந்தப் படியில் நின்று ஒரு மூச்சு வாங்கிக்கொள்கிறேன். மேலே இன்னும் பத்துப் படி இருக்கிறது.

எட்டு மணிக்குப் பட்டறை. ஆரம்பத்தில் ஸ்தபதி ஐயாவுக்குத் தயக்கம். மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுவார்களாம். மூன்றாம் நாளும் நான் போய் உட்கார்ந்ததும் ஒன்றும் பேசாமல் ஒரு தென்னங்கீற்றைக் கிழித்து என் கையில் கொடுத்தார். அதுதான் ஒடியோலை. செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவு வகுத்துக்கொள்கிறார்கள். சிவனுக்கு 124 அங்குலம், அம்மனுக்கு 120. இந்த அங்குலம் கடையில் விற்கிற ஸ்கேலில் கிடையாது. சிலை ஒரு சாண் இருந்தாலும் ஆள் உயரம் இருந்தாலும் அந்த உயரத்தை 124 ஆகவோ 120 ஆகவோ பகுத்தால் வருகிற ஒரு பங்குதான் அதற்கு அங்குலம். ஒவ்வொரு சிலைக்கும் அதனதன் உடம்பிலிருந்தே அளவுகோல் பிறக்கிறது, மீனா! எழும்பூர்க் கலைக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தோம், இதை யாராவது நம் கையில் கொடுத்தார்களா?

பழக்கத்துக்கு எனக்கு ஒன்பது தாலக் கணக்கு. ஓலையை ஒன்பது பங்காக மடிக்க வேண்டும், ஒரு பங்கு முகம். அந்த முகத்தை மறுபடி மூன்றாக மடித்தால் நெற்றி, மூக்கு, அதன் கீழே முகவாய் வரை. முதல் நாள் என் மடிப்பு எதுவும் சேரவில்லை. நகத்தால் அழுத்தினால் ஓலை கிழிகிறது, மெதுவாக மடித்தால் மடிப்பு நிற்பதில்லை. பச்சை ஓலையின் வாசனை கையிலேயே தங்கிவிட்டது. எட்டாவது ஓலையில் ஒன்பது பங்கும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தபோது ஐயா அதை விரித்துப் பார்த்து, "இப்ப வரையலாம்" என்றார்.

நாம் பேசியதெல்லாம் நினைவு வந்தது. சிற்பப் பிரிவு மரத்தடியில் நீயும் நானும் எத்தனை பேச்சு பேசியிருப்போம்! அளவுக்கு அடங்கினது கலை இல்லை, இவர்கள் நகல் எடுக்கிறவர்கள், ஆயிரம் வருஷமாக ஒரே சிலை. 1850இல் டாக்டர் ஹண்டர் நம் கல்லூரியைத் தொடங்கி, பிறகு அது கைத்தொழில் கலைகளுக்கான பள்ளியானது. அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டே கைத்தொழில்காரர்களை அப்படிப் பேசினோம். தப்பு பண்ணினோம், மீனா. இங்கே அண்ணன் தம்பி இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சிவகாமி செய்கிறார்கள். ஒரே ஓலை, ஒரே 120. அண்ணன் செய்கிற அம்மன் இப்போதுதான் ஏதோ கேட்டுவிட்டுப் பதில் யோசிக்கிறாள். தம்பியின் அம்மன் கேட்கவே வேண்டாதவள். உதட்டோரத்தில் அரை நூல் வித்தியாசம், அவ்வளவுதான். அளவு எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவதால், மிச்சமிருக்கிற அந்த அரை நூலில் ஆள் தெரிகிறான். நாம் எல்லாவற்றையும் நாமே முடிவு செய்யப் போய், நான் யாரென்று என் கேன்வாஸில் தேடி இருபது வருஷம் கழித்துவிட்டேன்.

மெழுகைப் பற்றிச் சொல்ல வேண்டும், உனக்குப் பிடிக்கும். தேன்மெழுகு, குங்கிலியப் பொடி, கடலை எண்ணெய் மூன்றையும் காய்ச்சித் துணியில் வடிகட்டித் தண்ணீரில் விடுகிறார்கள். உடம்புக்குக் கெட்டி மெழுகு, நகைநட்டுக்கு இளகலானது. கரி அடுப்பில் வாட்டி, உருட்டி, சூடான இரும்பால் ஒட்டவைத்து, விரல் விரலாக உருவம் எழும். முடிந்ததும் எடை போட்டு எழுதிவைக்கிறார்கள். அதைப்போல எட்டுப் பத்து மடங்கு உலோகம் வேண்டும். பிறகு மேலே மண் கட்டுவது. முதல் பூச்சு காவிரி வண்டல், உமிக்கரி சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைத்தது. அது போய்ப் படியாத இடமே இருக்காது. நகக்கண் வரைக்கும் அச்சு விழும். அதன்மேல் வயல் களிமண்ணும் மணலும். எல்லாம் நிழலில்தான் காய வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும் முன்பே ஆற்றில் இறங்கி வண்டல் அள்ளிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டார்கள். இப்போது ஆறு இரு கரையும் போகிறது.

காய்ந்த மண்கூட்டை வறட்டித் தீயில் வாட்டினால் மெழுகெல்லாம் துளை வழியே உருகி ஓடிவிடும். நாள் கணக்கில் செய்த முகம், விரல், கொலுசு, எல்லாம். உள்ளே வெறும் இடம் மட்டும் இருக்கும், அந்த இடத்தில் உலோகம் இறங்கும்.

நான் வந்த மூன்றாம் வாரம் அண்ணனின் சிவகாமிக்கு வார்ப்பு. மண்கூட்டைக் குழியில் புதைத்து வாய் மட்டும் வெளியே. உலோகம் உருக்கும் மூசையில் செம்பும் பித்தளையும் ஈயமும் கொதிக்கிறது, மேலே பச்சை கலந்த தீ. ஐயா நிறத்தைப் பார்த்தே பதம் சொன்னார். யாரும் பேசவில்லை. நூல் பிடித்த மாதிரி ஒரே ஒழுக்காக ஊற்றினார்கள். மறுநாள் உடைத்தால், பூப் பிடிக்கிற வலது கையில் மூன்று விரல் இல்லை. உலோகம் அங்கே ஓடவே இல்லை. மெழுகு போய்விட்டது, அச்சும் உடைந்துவிட்டது, திரும்பப் பார்க்க எதுவுமே மிச்சமில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. அண்ணன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். "உருக்கிக்கலாம்" என்றார் ஐயா. மறுநாள் எட்டு மணிக்கு நான் போனபோது அண்ணன் புது ஓலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

அவரிடம் கேட்டேன், வருத்தம் இல்லையா என்று. "இருக்கும்மா. ஆனா கைக்கு வழி தெரியுமே" என்றார்.

அவர் சொன்னதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று பத்து நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் கை எது செய்ததோ அது உன்னிடம்தான் இருக்கிறது. பதினோரு வருஷம் நீ ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யானையும் கிளியும் வரையச் சொல்லிக்கொடுத்தாய், அதுவும் அந்தக் கைதான்.

போன ஞாயிறு தஞ்சாவூர்க் கலைக்கூடம் போனேன். திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், காளைமேல் கை ஊன்றி நிற்கிற சிவன், அவர் முன்னால் ஒரு மணி நேரம். 1011இல் செய்தது. அந்தக் காளை என்றைக்கோ தொலைந்துவிட்டது, அந்தக் கை காற்றில் நிற்கிறது. ஆனாலும் காளையின் உயரம் எனக்குத் தெரிகிறது, அதன் திமிலின் சூடுகூடத் தெரிகிறது. நாம் இரண்டாம் ஆண்டு சுற்றுலாவில் வந்தபோது இதே சிலையை அரை நிமிஷத்தில் தாண்டிப் போனோமே!

என் வேலையைக் கேட்டாய். கொண்டுவந்த கேன்வாஸ் சுருளை இன்னும் பிரிக்கவில்லை. மண்கூடுகளை வரைகிறேன். காய்வதற்கு வரிசையாக வைத்திருக்கும் அவற்றில் தலையும் தெரியாது கையும் தெரியாது, முக்காடு போட்டு உட்கார்ந்த பெண்கள் மாதிரி இருக்கும். உள்ளே முகம் இருக்கிறது என்று தெரிந்தே வரைய வேண்டியிருக்கிறது. பட்டறையில் ஒரு கிண்ணம் வண்டல் கேட்டு வாங்கி, வேப்பம்பிசின் கலந்து அதையே வண்ணமாகப் பூசினேன். காய்ந்ததும் லேசான சாம்பல், ஓரத்தில் துளி மஞ்சள். குழாயில் அடைத்து விற்கிற எந்த வண்ணத்திலும் எனக்கு இது கிடைத்ததில்லை. இதுவரை நாற்பத்துமூன்று படம். பத்துப் பதினைந்து தேறும்.

பதினெட்டாம் பெருக்கன்று கீழ்வீட்டு அம்மா என்னையும் ஆற்றுக்கு அழைத்துப்போனார். காப்பரிசி, காதோலை, கருகமணி எல்லாம் வைத்துப் படைத்து, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். தண்ணீர் கலங்கலாக, வண்டலோடு வந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷச் சிலைகளுக்கான மண் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சிவகாமி மறுபடி மெழுகில் எழுந்து, மண் கட்டி, இப்போது காய்ந்துகொண்டிருக்கிறாள். மழை வராவிட்டால் அடுத்த வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை வார்ப்பு. நீ வா, மீனா. ஐயாவிடம் சொல்லிவிட்டேன், சிற்பம் படித்த சிநேகிதி என்று. "வரச் சொல்லுங்க, மெழுகு தர்றேன்" என்றிருக்கிறார். கோவையிலிருந்து ஜன் சதாப்தி பிடித்தால் கும்பகோணத்தில் இறங்கிவிடலாம், நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். மாடியில் இன்னொரு கட்டில் இருக்கிறது, கொசுவலையும் இருக்கிறது. மாமியாரை ஒரு வாரம் யாழினி பார்த்துக்கொள்வாள், கேட்டுப் பார்.

மூங்கிலில் நீயே சீவிய அந்தச் சின்னக் கத்தி, பிடியில் சிவப்பு நூல் சுற்றியது, இன்னும் வைத்திருக்கிறாயா? இருந்தால் கொண்டு வா.

அன்புடன்,
கலா