பார்பா என்று நான் அழைத்த பொறியியலாளர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் புலம்பெயர்ந்த தமிழ்ப் பொறியியலாளர்கள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். யார் எந்த நாட்டில் எந்தப் பதவிக்கு வந்தார் என்று விரிவாக எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் எங்களில் பலருக்கு முதல் வேலை தந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனம் கேட்கவில்லை. சென்ற மாதம் ஒக்லாந்தில் காலமான ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். விளம்பரம் பிடிக்காத மனிதர், ஆகவே பெயரைத் தவிர்க்கிறேன்.

பேராதனையில் படித்துவிட்டு 1987இல் நியூசிலாந்து வந்தேன். ஏழு மாதம் வேலை இல்லை. "உள்ளூர் அனுபவம் இருக்கிறதா?" என்ற கேள்வியோடு ஒவ்வொரு நேர்முகமும் முடிந்துவிடும். இவருடைய சிறிய அலுவலகத்தில் அந்தக் கேள்வி வரவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளி, "தூணும் பீமும் சேரும் இடத்தில் கம்பி எப்படிப் போகும்? வரைந்து காட்டு" என்றார். வரைந்தேன். இரண்டு இடத்தில் திருத்தினார். "சரி, திங்கட்கிழமை வா" என்றார்.

அங்கே எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை, 'சேர்' என்றே அழைத்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். "எங்கள் ஊரில் மூத்தவரை பார்பா என்போம், உங்கள் மாமா மாதிரி. அப்படியே கூப்பிடு" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் பார்பா.

எங்கள் ஊர் என்று அவர் சொன்னது அவர் பிறக்காத ஊர். குரோவாசியாவின் டல்மேசியக் கடற்கரையில், மகர்ஸ்கா பக்கம். அவருடைய தாத்தா பதினேழு வயதில் அங்கிருந்து கப்பலேறி, நியூசிலாந்தின் வடக்கே கௌரி மரப் பிசின் தோண்ட வந்தவர். வார்னிஷ் செய்வதற்காக ஏற்றுமதியான அந்தப் பிசின் சதுப்பு நிலத்தின் அடியில் புதைந்து கிடக்கும். ஈட்டியால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்டி எடுக்க வேண்டும். அவர் வந்த சில ஆண்டுகளிலேயே, 1898இல், பிசின் நிலங்களில் ஒரு பகுதியைப் பிரித்தானியக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிச் சட்டம் வந்தது. முதல் உலகப் போர் வந்தபோது இன்னும் மோசம். அவர்களுடைய ஊர் ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்ததால் அரசு அவர்களை எதிரி நாட்டவர் என்று பதிந்துகொண்டது. அந்தப் பேரரசின் படையில் சேர விரும்பாமல் ஊரை விட்டு ஓடி வந்தவர்களே அவர்களில் பலர்! இதை ஒரு மதிய இடைவேளையில் பார்பா சொன்னார். 1983 யூலையில் எங்கள் வீட்டுக்கு நடந்ததை அன்றுதான் நான் முதன்முதலாக ஒருவரிடம் வாய் திறந்து சொன்னேன். அன்று பிற்பகல் இருவரும் வேலை செய்யவில்லை.

அவர் 1960களில் கிறைஸ்ட்சேர்ச்சின் கன்டபரி பல்கலைக்கழகத்தில் டொம் பௌலேயிடம் படித்தவர். பௌலேயும் ஹங்கேரியிலிருந்து வந்து சேர்ந்த அகதி. கம்பி வைத்த கொங்கிறீட் கட்டடங்களைப் பற்றி அவரும் அங்கேயே கற்பித்த பொப் பார்க்கும் சேர்ந்து எழுதிய நூல் 1975இல் வந்தது, பல நாடுகளில் பாடநூலாகப் பயன்பட்டது. பார்பா எங்களுக்குச் சொல்லித் தரும் விதம் எளிமையானது. ஒரு சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் இழுபடும் இரும்பால் செய்து, மற்றக் கண்ணிகளை அதைவிடப் பலமாகச் செய்தால், இழுக்கும்போது அந்த ஒன்றுதான் நீளும், சங்கிலி அறாது. கட்டடத்தில் அந்தக் கண்ணி, தூண்களுக்குக் குறுக்கே போகும் பீமின் நுனி. நில அதிர்வில் பீம் நெளியலாம், வெடிப்பு விடலாம். தூண் நிற்க வேண்டும். தூண் போனால் மேலே இருக்கும் மாடிகள் எல்லாம் ஆட்களின் மேல்தான் இறங்கும்.

தூணைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையத்தின் நுனி 135 பாகைக்கு மடிந்து உள்ளே போயிருக்க வேண்டும். வெறும் 90 பாகை என்றால், குலுக்கலில் வெளிக் கொங்கிறீட் உதிர்ந்ததும் வளையம் விரிந்துவிடும். சின்ன விஷயம் போலத்தான் தெரியும். ஒரு முறை நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட எட்டுத் தூண்களில் அந்த மடிப்பு இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொங்கிறீட் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. மாலையில் சும்மா பார்க்க வந்த பார்பா கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். எனக்குத் திட்டு விழவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, "பொலாக்கோ" என்றார். அவர்கள் மொழியில் 'மெதுவாக' என்று பொருள். அடுத்த இரண்டு நாளும் கம்பி கட்டுபவர்களோடு அவரும் நின்றார், நானும் நின்றேன்.

2011 பெப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சேர்ச்சில் நில அதிர்வில் 185 பேர் இறந்தார்கள். அவர்களில் 115 பேர் ஒரே கட்டடத்தில், 1980களில் எழுந்த சீரீவீ (கன்டபரி தொலைக்காட்சி) கட்டடத்தில். பார்பா ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த திங்கட்கிழமை அலுவலக வாசலில் நின்றார். "நம்முடைய பழைய வரைபடங்களை எடு, எல்லாவற்றையும்" என்றார். ஒன்பது வாரம், சம்பளம் இல்லாமல், தான் கையெழுத்திட்ட ஒவ்வொரு தூணையும் மறுபடி கணக்குப் போட்டார். இரண்டு கட்டடங்களில் அவருக்குத் திருப்தி இல்லை. சட்டம் அவரைக் கேட்கவில்லை, உரிமையாளர்களும் கேட்கவில்லை. அவரே கடிதம் எழுதினார். தட்டச்சு செய்து கொடுத்தது நான் என்பதால் முதல் வரி நினைவிருக்கிறது: "இதை வடிவமைத்தவன் நான். அன்று எனக்குத் தெரியாதது இன்று தெரிகிறது."

இரண்டு கட்டடங்களையும் பலப்படுத்தினார்கள். ஒன்று நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர்,
ஒக்லாந்து