பச்சையும் சிவப்பும்

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். வாத்தியாருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாம், அவரே கூப்பிட்டுச் சொன்னார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடல் மேற்பரப்பு வருடா வருடம் எப்படிச் சூடாகிறது என்பதை வைத்துப் பெரிய ஓவியம் ஒன்று வரைந்தேன். ஆண்டுக்கு ஒரு பட்டை, குளிர்ச்சி பச்சை, வெப்பம் சிவப்பு. மூன்று மாத உழைப்பு. காட்சிக்கு வைத்த முதல் நாளே ஒரு பெரியவர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா இதிலே எது மாறியிருக்கு?" என்று கேட்டார். அவருக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது. வீட்டுக்கு வந்து ஓவியத்தின் புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். முழுத் துணியும் ஒரே சாம்பல் நிறம்! இரண்டு வண்ணத்தையும் ஒரே அடர்த்தியில் பூசியிருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸின் வெப்பப் பட்டைகளைப் பற்றி நாம் போட்ட சண்டை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 2018இல் அவர் வெளியிட்ட நீல, சிவப்புக் கோடுகள், ஆண்டுக்கு ஒரு கோடாக வெப்பநிலையைக் காட்டுபவை. "அளவுகோல் இல்லாத படம் படமே இல்லை" என்று நீ கத்தினாயே! நீ சொன்னதில் பாதி சரி என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அதில் 1971 முதல் 2000 வரையிலான சராசரிதான் நீலத்துக்கும் சிவப்புக்கும் எல்லை: அதைவிடக் குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. அந்த எல்லையை முந்தைய காலத்துக்கு நகர்த்தினால், எண் ஒன்றுகூட மாறாமல் படம் இன்னும் சிவந்துவிடும். வண்ணம் தேர்ந்தெடுப்பதே ஓர் அறிவியல் முடிவு என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. ஆனால் மீதிப் பாதியில் உன்னோடு இன்னும் சண்டைதான். வரைபடத்தைக் கண்டாலே விலகிப்போகிறவர்கள்கூட அந்தப் படத்தின் முன்னால் நின்றார்கள். அது சின்ன விஷயமா?

ஜில் பெல்டோவின் நீர்வண்ண ஓவியங்களைத் தேடிப் பார். வாஷிங்டன் மாநிலத்துப் பனியாறுகளை ஆண்டுதோறும் அளக்கும் தன் அப்பாவோடு மலையேறிப் போகிறவர் அவர். பனியாறு இளைப்பதைக் காட்டும் வரைகோட்டையே மலைச்சரிவாக வரைகிறார். கோடு தரவிலிருந்து வருகிறது, அழகுக்காக அதை வளைப்பதில்லை. உன் வாயையும் என் வாயையும் ஒரே நேரத்தில் அடைக்கும் வேலை அது.

அப்புறம், என் ஓவியத்தைத் திரும்ப வரையப் போகிறேன். இரண்டு வழி இருக்கிறது. வெளிர்மஞ்சளில் தொடங்கிக் கருஞ்சிவப்பு வரை ஒரே திசையில் கருத்துக்கொண்டே போகலாம். யார் கண்ணுக்கும் தெரியும், சராசரி எல்லை என்ற பிரச்சினையும் இல்லை. ஆனால் "வழக்கத்தைவிட இவ்வளவு அதிகம்" என்ற செய்தி அதோடு போய்விடும். அல்லது நீலம், சிவப்பு என்று பிரித்து, எந்த முப்பது ஆண்டுகளை எல்லையாக வைத்தேன் என்பதை ஓவியத்திலேயே எழுதிவிடலாம். எனக்கு முதல் வழியில்தான் மனம் போகிறது. ஆனால் பயமாகவும் இருக்கிறது. இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லும்போது, என் கையால் ஒரு துளிகூடக் கூடவோ குறையவோ கூடாது, சேகர்.

எண்கள் எல்லாவற்றையும் இதோடு அனுப்புகிறேன். புள்ளியியல்காரன் நீ, உட்கார்ந்து பார்த்துவிட்டு எந்த வழி நேர்மையானது என்று சொல். அந்தப் பெரியவர் அடுத்த மாதம் மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பதில் போடு.

அன்புடன்,
மாலா