பெயர் கேட்காமல் விட்ட அக்காவுக்கு

போன வியாழக்கிழமை, பொள்ளாச்சி சந்தையில் தவிடு வாங்க நின்ற என் கூடையை எட்டிப் பார்த்தீர்களே, உங்களுக்குத்தான் இந்த நன்றி.

பொரித்து மூன்றே நாளான குஞ்சு. கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து தவளை மாதிரிக் கிடந்தது. தேறாது என்றார்கள் வீட்டில்.

"பெட்டிக்குள்ள என்ன கண்ணு விரிச்சிருக்கே?" என்றீர்கள். செய்தித்தாள் என்றேன். "வழுக்காம என்ன பண்ணும்? சாக்கு போடு." சொல்லிக்கொண்டே சுருக்குப்பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து (சந்தைக்கு யார் பிளாஸ்திரி கொண்டுவருவார்கள்!), சுண்டுவிரல் அகலம் இடைவெளி விட்டு இரண்டு காலையும் சேர்த்து ஒட்டினீர்கள்.

60 வாட் பல்பு வெதுவெதுப்பில் வைத்து, அலகைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுக் குடிக்க வைத்தேன். நான்காம் நாள் பிளாஸ்திரியைப் பிரித்ததும் தள்ளாடி எழுந்தது. எழுந்த கையோடு என் விரலைக் கொத்தியது, திமிர்!

இந்த வியாழனும் அதே தவிட்டுக் கடை வாசலில் நிற்பேன், அக்கா.