மூன்றாவது சாட்சியாக நின்ற அக்காவுக்கு

வில்லங்கச் சான்றிதழ் வாங்க அன்று பதிவு அலுவலகத்துக்கு வந்திருந்த பச்சைச் சேலை அக்கா, இது உங்களுக்கு.

நாங்கள் இருவரும் வேறு வேறு மதம். பேசாமல் இருந்து பார்த்தோம், விட்டுவிடலாம் என்றும் பார்த்தோம், முடியவில்லை. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருந்தோம். எங்கள் பெயரும் முகவரியும் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டியிருந்த அந்த நாட்களில், போன் அடித்தாலே எனக்கு வயிறு கலங்கும். எல்லாம் தாண்டி வந்து நின்றால், சாட்சிகளில் ஒருவர் வீட்டுக்குப் பயந்து வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சட்டம் மூன்று பேரைக் கேட்கிறது.

நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்ன சாதி, பெற்றவர்களுக்குத் தெரியுமா என்று நீங்கள் எதுவும் விசாரிக்கவில்லை. பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து, "நான் கையெழுத்துப் போடலாமா பாப்பா?" என்றீர்கள். உங்கள் டோக்கனைக் கூப்பிட்டபோதும் எழுந்து போகவில்லை. உறுதிமொழி சொல்லும்போது எனக்குக் குரலே வரவில்லை. முதுகில் கை வைத்து, "மெதுவா சொல்லும்மா" என்றீர்கள். சொல்லிவிட்டேன். அன்று எங்கள் பக்கம் நின்ற ஒரே பெரியவர் நீங்கள்தான்.

அப்புறம் நன்றி சொல்வதற்குள் போய்விட்டீர்கள். உங்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. சின்னதாக ஒரு வீடு பார்த்திருக்கிறோம். இதைப் படித்தால் ஒருநாள் சாப்பிட வாருங்கள் அக்கா. அவர் நன்றாகச் சமைப்பார்.