கருவி பூட்டிவிட்டால் பயம் போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் கட்டட அசைவை அளக்கும் சரிவுமானி பற்றி வந்த கட்டுரையில், "கருவி பூட்டப்பட்டுவிட்டதால் அயலவர்கள் இனி அச்சப்படத் தேவையில்லை" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்க விடவில்லை.

என் வீடு உப்புவெளியில், மணல் தரையில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்துக் காணியில் மாடிக் கட்டடத்துக்குக் கிடங்கு வெட்டி, இரவு பகலாக மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைத்தார்கள். முதலில் எங்கள் கிணறு வற்றியது. அப்புறம் சாமி அறைக் கதவு சாத்த முடியாமல் போனது. நிலைக்கு மேலே மூலைவாட்டில் வெடிப்பு. முறையிட்டோம். ஒருநாள் உச்சி வெயிலில் ஒரு பொடியன் வந்து, சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு சரிவுமானிப் பெட்டியைச் சுவரில் பூட்டி, கைபேசியைப் பார்த்து, "0.3 பாகைதான் ஐயா, பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டுக் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

அந்தச் சுவர் கட்டிய நாளிலேயே எவ்வளவு சாய்ந்திருந்தது என்று அவனுக்குத் தெரியுமா? முந்திய அளவு இல்லாத ஒரு அளவை வைத்து என்ன சொல்ல முடியும்? வெயில் பட்டாலே சுவர் கொஞ்சம் வளையும். அதனால் தினமும் ஒரே நேரத்தில், விடியற்காலையில் பார்ப்பது நல்லது. மூன்று மீற்றர் சுவர் 0.1 பாகை கூடச் சரிந்தால் உச்சி 5 மில்லிமீற்றர் தள்ளிப் போகும். வீடு முழுவதும் ஒரே சீராக இறங்கினால் அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. இதில் ஒன்றாவது உங்கள் கட்டுரையில் இல்லை.

எங்கள் பழைய மேசன் வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதிவிட்டுப் போனார். வெடிப்பு விரிந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். பதினோராம் நாள் அது நடுவே இரண்டாக உடைந்திருந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு அன்றிரவே பிள்ளைகளின் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டாள்.

இத்தாலியில் பீசா கோபுரத்துக்குள் 1934 இலேயே தூக்குநூல் தொங்கவிட்டு அளந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அயலில் நிலத்தடி நீரை இறைத்ததும் சாய்வு கூடியதைக் கண்டுபிடித்ததும் அப்படி விடாமல் அளந்ததால்தான். அதே தண்ணீர் இறைப்புத்தான் எங்கள் வீட்டருகிலும் நடந்தது. கிணறு உவர்ப்பானது பற்றி நான் உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் பத்திரிகையில் வரவில்லை. சரி, இடமில்லாமல் இருந்திருக்கும். ஆனால் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் நம் மாவட்டத்திலேயே இருக்க, கட்டுரைக்கு ஏதோ வெளிநாட்டுப் பாலத்தின் படத்தைப் போட இடம் இருந்தது. நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு இது வலிக்கிறது.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, கிடங்கு வெட்டுவதற்கு முன்பே முதல் அளவை எடுக்கச் சொல்லி, திகதியும் நேரமும் போட்ட நகலை வீட்டுக்காரர் கேட்டு வாங்க வேண்டும் என்றும் எழுதுங்கள். நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
உப்புவெளி, திருகோணமலை.